கார்னகிக்குப் பிறந்த 47 வயதுக் குழந்தை

1904 நவம்பரில் ஆண்ட்ரூ கார்னகிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு வயது 47. கிளீவ்லாந்தில் பங்களா, கைகொள்ளாத வைரம், கழுத்துவரை கடன் என்று சகல சம்பத்துகளோடும் பிறந்த குழந்தை. தகப்பனாரே பத்திரிகையைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். அந்த அம்மாள் யாரென்றே தனக்குத் தெரியாது, முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தான் எந்தப் புரோநோட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று அவர் தரப்பில் மறுப்பு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஓஹையோ மாநிலத்தில் ஒரு வங்கியின் கதவு சாத்தப்பட்டது. மற்ற வங்கிகளின் தலைவர்கள் இரும்புப் பெட்டியைத் திறந்து, பல மாதமாகப் பூப்போல வைத்திருந்த காகிதத்தை வெளியே எடுத்து, முதல் முறையாக எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள்.

அம்மாளின் அப்போதைய பெயர் கேஸி சாட்விக். அதற்கு முன்பு கேஸி ஹூவர், அதற்கும் முன்பு லிடியா டிவேர், நடுவில் இன்னும் சில. தாய் தகப்பன் வைத்த பெயர் எலிசபெத் பிக்லி. 1857 அக்டோபர் 10-ம் தேதி, கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்து ஈஸ்ட்வுட் என்னும் சின்ன ஊரில், ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர்.

பெண் சூட்டிகை. பதின்மூன்று பதினான்கு வயதிலேயே, உறவுக்காரர் ஒருவர் செத்துப்போய்த் தன் பெயருக்குப் பணம் எழுதிவைத்திருப்பதாகத் தானே ஒரு கடிதம் தயாரித்து, அதைக் காட்டி வங்கியில் கணக்குத் திறந்தாள். பிடிபட்டபோது, பாவம் சின்னப் பெண், புத்தி சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். புத்தி சரியில்லாதவர் யார் என்பதை அவசரப்பட்டு முடிவு செய்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து ஒரு விசிட்டிங் கார்டு அடித்தாள். செல்வி பிக்லி, 15,000 டாலர் சொத்துக்கு வாரிசு. அவ்வளவுதான் அதில். அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கடை ஏறினாள். பத்து டாலர் சாமானுக்குப் பதினைந்து டாலருக்குச் செக் எழுதுவாள். மீதி ஐந்தைக் கடைக்காரர் ரொக்கமாகத் தரவேண்டும். கடைக்காரர் இழுத்தால் கார்டு வெளியே வரும். கார்டைப் பார்த்ததும் கல்லா தானாகத் திறக்கும். சாமானும் போய், சில்லறையும் போய், செக் திரும்பி வரும்போது வாரிசு அடுத்த ஊரில் இருப்பாள். தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள் சார் என்று இன்றைக்கு நம் செல்போனுக்கு வருகிற அழைப்பின் பாட்டி இதுதான்.

பிறகு கிளீவ்லாந்தில் கல்யாணமாகி வந்திருந்த அக்காள் வீட்டுக்கு வந்தாள். அக்காளும் அத்திமேரும் அசந்த நேரம் பார்த்து வீட்டுச் சாமான்களை அடமானம் வைத்துவிட்டாள். அத்திமேர் வெளியே தள்ளினார். அடுத்த சில மாதங்களில் ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தக் கல்யாணச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்து தொலைத்தது. அக்காள் உட்பட, கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் புது மாப்பிள்ளையின் வாசலில் வந்து நின்றார்கள். அந்த இல்லறம் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. டொலீடோ நகரில் லிடியா டிவேர் என்ற பெயரில் குறி சொல்லும்போது கள்ளக் கையெழுத்து வழக்கில் சிக்கி ஒன்பதரை வருஷத் தண்டனை வாங்கினாள். கூடச் சேர்ந்து அந்தக் கள்ளக் கையெழுத்துப் புரோநோட்டுகளை மாற்றிக் கொடுத்தவர், அந்த அம்மாள் தன்னை வசியம் செய்துவிட்டதாகச் சொல்லி விடுதலை ஆனார். கேஸி உள்ளே இருந்தபடி, இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று கடிதமாக எழுதித் தள்ளினாள். எழுத்து அவளைக் கைவிட்டதே இல்லை. 1893-ல் ஓஹையோ கவர்னர் பரோலில் விட்டார். கவர்னரின் பெயர் வில்லியம் மெக்கின்லி. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி.

மறுபடி கிளீவ்லாந்து. இம்முறை விதவை ஹூவர். தொழில், விபசார விடுதி நடத்துவது. மனைவியை இழந்த டாக்டர் லீராய் சாட்விக் அங்கேதான் அவளைச் சந்தித்தார் என்பது கதை. இது கண்ணியமான பெண்கள் தங்கும் விடுதி ஆயிற்றே என்று கேஸி சொல்ல, இல்லையம்மா, இது ஊரறிந்த அந்த மாதிரி இடம் என்று டாக்டர் விளக்க, ஐயையோ என்று அங்கேயே மயங்கி விழுந்தாளாம். மயக்கம் தெளிந்ததும், இந்த இடத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக் கூட்டிப் போங்கள் என்றாளாம். 1897-ல் கல்யாணம். டாக்டரின் வீடு யூக்ளிட் அவென்யூவில் இருந்தது. ராக்ஃபெல்லர் வீடு இருந்த தெரு அது. லட்சாதிபதிகளின் தெரு என்றே பெயர். கேஸி அந்த வீட்டில் இறக்கிய சாமான்களில், உட்கார்ந்தால் பாட்டு வாசிக்கும் நாற்காலியும் ஒன்று. அக்கம்பக்கத்துப் பணக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், எழுந்து போனார்கள். திரும்ப அழைக்கவில்லை. அவளுக்கு அது உறுத்தியது. பணக்காரி என்றால் போதாது, பணக்காரனின் மகள் என்று ஆகவேண்டும்.

அப்பாவைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவளுடைய மேதைமை. 1901-ல் கார்னகி தன் உருக்குக் கம்பெனியை ஜே. பி. மார்கனிடம் 48 கோடி டாலருக்கு விற்றிருந்தார். உலகத்துப் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்பது தெருவில் போகிற பையனுக்கும் தெரியும். அதைவிட முக்கியமான தகுதி இன்னொன்று: தாயார் இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று இருந்த மனிதர், தாயார் காலமான பிறகு, 51-ம் வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டார். ஐம்பத்தொரு வருஷம் ஒருவர் தனிக்கட்டையாக இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்ததைக் கேஸி பணமாக மாற்றினாள். அவள் பிறந்த 1857-ல் கார்னகிக்கு 21 வயது, பென்சில்வேனியாவில் ரயில்வேக் கம்பெனியில் வேலை. யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தாலும், அந்த வயதில் நடந்திருக்கக்கூடியதுதான் என்று கண் சிமிட்டியிருப்பார்கள்.

1902-ல் நியூயார்க் போனாள். அங்கே, தன் கணவருக்குத் தெரிந்த டில்லன் என்ற ஓஹையோ வக்கீலைச் 'சந்தித்தாள்'. ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் தற்செயலாக. தற்செயலுக்கு எத்தனை நாள் காத்திருந்தாளோ. அப்பாவைப் பார்க்கப் போகிறேன், துணைக்கு வருகிறீர்களா என்றாள். வண்டி ஐந்தாம் அவென்யூவில் கார்னகியின் மாளிகை முன்னால் நின்றது. வக்கீலை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு இறங்கி, நேராகப் படியேறி, மணியடித்து, உள்ளே போனாள்.

உள்ளே நடந்தது இதுதான்: வீட்டு நிர்வாகம் பார்க்கிற அம்மாளைக் கூப்பிட்டு, இன்ன பெயருள்ள வேலைக்காரி உங்களிடம் வேலை பார்த்தாளாமே, எப்படிப்பட்டவள் என்று கேட்டாள். அப்படி ஒருத்தி இங்கே இருந்ததே இல்லையே என்றார் அந்த அம்மாள். அப்படியா, நிச்சயமாகவா, நெட்டையாக இருப்பாளே என்று பேச்சை வளர்த்து அரைமணிக்குப் பக்கமாக ஓட்டினாள். இந்த முழுக் கதையிலும் ஒருவருடைய பூர்வீகத்தை உரிய இடத்தில் விசாரித்த ஒரே ஆள் கேஸி சாட்விக்தான் என்பதையும், விசாரிக்கப்பட்டவள் பிறக்கவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது கால் தடுக்கியது. கையிலிருந்து ஒரு காகிதம் நழுவியது. கனவானாகப்பட்ட வக்கீல் குனிந்து எடுத்தார். எடுத்தவர் பார்த்துவிட்டார். 20 லட்சம் டாலருக்குப் புரோநோட்டு. கீழே ஆண்ட்ரூ கார்னகியின் கையெழுத்து. அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்: நான் அவருக்கு முறைதவறிப் பிறந்த மகள், மனசாட்சி உறுத்தி எனக்கு இப்படி அள்ளித் தருகிறார், வீட்டில் இன்னும் 70 லட்சத்துக்கு நோட்டு கிடக்கிறது, அவருக்குப் பிறகு 40 கோடி எனக்குத்தான் வரும்.

வக்கீல் சத்தியத்தைக் காப்பாற்றினார். அதாவது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னார். கிளீவ்லாந்து முழுக்க ரகசியமாகத் தெரிந்துவிட்டது.

இனி ரசீது. வேட் பார்க் வங்கியின் ரெனால்ட்ஸ் என்பவரிடம் கேஸி ஒரு கட்டைக் கொண்டுபோனாள். முத்திரை வைத்துக் கட்டியது. உள்ளே 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பத்திரங்கள் இருக்கின்றன, இதோ பட்டியல், பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுங்கள் என்றாள். பட்டியல் அவளே எழுதியது. ரெனால்ட்ஸ் பட்டியலைப் படித்தார். கட்டைப் பிரிக்கவில்லை. ஒரு சீமாட்டியின் கட்டைப் பிரிப்பது நாகரிகமா? இன்ன இன்ன பத்திரங்கள் எங்களிடம் உள்ளன என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றோடு கள்ளக் கையெழுத்துக்கு வேலை குறைந்தது. ஒரு நிஜ வங்கிக்காரரின் நிஜக் கையெழுத்து அவள் கைப்பையில் ஏறிவிட்டது. அடுத்த வங்கி அந்தக் கையெழுத்தை நம்பிக் கடன் கொடுத்தது. அதற்கடுத்த வங்கி, முந்தைய வங்கியே கொடுத்திருக்கிறதே என்று கொடுத்தது. இன்று நீங்களும் நானும் ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்க ஆதார், பான், போட்டோ, வீட்டு விலாசம் என்று நாலு தரம் நடக்கிறோமே, அந்த நடையெல்லாம் இந்த மாதிரிக் கனவான்கள் அன்று நடக்காமல் விட்ட பாக்கி.

சரி, இத்தனை பேரில் ஒருவர்கூடக் கார்னகியைக் கேட்கவில்லையா? கேட்கவில்லை. கார்னகி எங்கோ காட்டில் இருந்தவர் அல்ல. நியூயார்க்கில் தந்தி இருந்தது, தொலைபேசி இருந்தது. பிட்ஸ்பர்க்கில் தந்திப் பட்டுவாடா செய்யும் பையனாக வேலைக்குச் சேர்ந்து முன்னுக்கு வந்தவர் அவர். ஒரு தந்தி வந்தால் பதில் போடாமல் இருப்பாரா? மகள் உண்டா இல்லையா, பதில் கட்டணம் செலுத்தப்பட்டது. சில சென்ட் செலவு.

முதல் தடை வெட்கம். ஐயா, தங்களுக்குக் கள்ளப் பிள்ளை உண்டென்று கேள்விப்பட்டோம், உறுதி செய்யவும் என்று எந்த வங்கி கடிதம் எழுதும்? கேஸி தேர்ந்தெடுத்த பொய்யின் அழகே அதுதான். சட்டப்படி மகள் என்று சொல்லியிருந்தால் யாராவது விசாரித்திருப்பார்கள். வெளியே சொல்லக்கூடாத மகள் என்றதும் விசாரணைக்கே பூட்டு விழுந்துவிட்டது. இரண்டாவது காரணம், அவள் ஒப்புக்கொண்ட வட்டி. 25 சதவீதம் வரை தருகிறேன் என்றாள். சட்டம் அனுமதித்த வட்டி அதில் பாதிகூட இல்லை. ஆகவே கடன் கொடுத்த ஒவ்வொரு கனவானும் அதை ஒளித்துக்கொடுத்தார், கணக்கில் வேறு விதமாக எழுதினார். ஒரு வண்டிக்காரன் வந்து ஐம்பது டாலர் கேட்டிருந்தால் ஜாமீன்தார் இருவர் எங்கே என்று கேட்டிருக்கக்கூடிய மேஜையில், 40 கோடிக்கு வாரிசு உட்கார்ந்தால் கேள்வி வராது, காப்பி வரும். திருடியும் தான் செய்வது தப்பு என்று தெரிந்துதான் வந்தாள், திருட்டுக் கொடுத்தவரும் தான் செய்வது தப்பு என்று தெரிந்துதான் கொடுத்தார். அதனால்தான் மொத்தம் எவ்வளவு போயிற்று என்பதற்கு இன்றுவரை ஒத்த கணக்கு கிடையாது.

ஓபர்லின் கதைதான் இதில் சிரிக்க முடியாதது. கிளீவ்லாந்துக்குத் தென்மேற்கே ஒரு கல்லூரி ஊர். பாதிரிமார்கள் உண்டாக்கியது. சாராயக் கடைகளை ஒழிப்பதற்காக அமெரிக்காவைக் கலக்கிய சலூன் எதிர்ப்பு லீக் 1893-ல் பிறந்தது அங்கேதான். குடிக்காத ஊர், சிக்கனமான ஊர். சிட்டிசன்ஸ் நேஷனல் பாங்க் என்று சின்னதாக ஒரு வங்கி. அதன் மூலதனம் 60,000 டாலர். தலைவர் சார்லஸ் பெக்வித், வயதானவர், ஊரில் நல்ல பெயர். கேஸி அவரிடம் ரகசியத்தைச் சொன்னாள். கூடவே, என் சொத்தையெல்லாம் நிர்வாகம் செய்ய உங்களைப் போன்ற நேர்மையான மனிதர்தான் வேண்டும் என்று, கொழுத்த சம்பளத்துக்கு ஆசையும் காட்டினாள். நேர்மையான மனிதர் வங்கியிலிருந்து 2,40,000 டாலர் எடுத்துக் கொடுத்தார். மூலதனத்தைப் போல நான்கு மடங்கு. அது போதாதென்று சொந்தப் பணம் 1,02,000 டாலரையும் கொடுத்தார்.

மூலதனத்துக்கு மேற்பட்ட அந்தப் பணம் யாருடையது? கல்லூரிப் பிள்ளைகள் படிப்புக்கென்று போட்டு வைத்தது, கடைக்காரர்கள் போட்டது, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் போட்டது. கார்னகி என்ற பெயரைக் கேஸி திருடியதில் கார்னகிக்கு ஒரு காசு நட்டமில்லை. கார்னகியைப் பார்த்தே இராத பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். தங்கள் வங்கியின் தலைவர் ஒரு பெரிய மனிதரின் கள்ளக் குழந்தையை ரகசியமாக வளர்த்துவருகிறார் என்பது டெபாசிட் போட்டவர்கள் யாருக்கும் தெரியாது.

கடைசியில் குட்டை உடைத்தவர் பாஸ்டன் பக்கத்து ஹெர்பர்ட் நியூட்டன். 1,90,800 டாலர் கொடுத்திருந்தார். கேஸிக்கு வேறு பல கடன்களும் இருப்பது காதில் விழுந்ததும், பணத்தைத் திருப்பிக் கொடு என்றார். கிடைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். வெளியூர்க்காரர் ஆனதால் அவருக்குக் கிளீவ்லாந்தின் மானம் மரியாதை பற்றிக் கவலையில்லை. வழக்கு பத்திரிகையில் வந்தது, கார்னகியின் மறுப்பு வந்தது, ஓபர்லினில் ஜனங்கள் பாஸ்புக்கும் கையுமாக வங்கி வாசலில் கூடினார்கள். உள்ளே கொடுக்க எதுவும் இல்லை. வேட் பார்க்கில் கட்டைப் பிரித்தார்கள். 50 லட்சம் பெறுமானமுள்ள அந்தப் பத்திரங்கள், அடுப்பு பற்றவைக்க உதவும் நிலையில் இருந்தன.

டிசம்பர் 7-ம் தேதி நியூயார்க்கில் பிரெஸ்லின் ஓட்டலில் அவளைக் கைது செய்தபோது படுக்கையில் இருந்தாள். இடுப்பில் பணப்பட்டை; அதில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். டாக்டர் சாட்விக் முதல் தாரத்து மகளைக் கூட்டிக்கொண்டு அவசரமாக ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். பெக்வித் மட்டும் சிறைக்கு வந்து அவளைப் பார்த்தார். நீ என்னை அழித்துவிட்டாய், ஆனாலும் நீ ஏமாற்றுக்காரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகவில்லை என்ற பொருளில் அவர் பேசிவிட்டு வந்ததாகச் செய்தி உண்டு. வழக்கு தொடங்கும் முன்பே, 1905 பிப்ரவரியில், அவர் இறந்துபோனார்.

மார்ச்சில் கிளீவ்லாந்தில் விசாரணை. கார்னகி நேரில் வந்தார். தன் பெயரிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். எழுத்துப் பிழையும் நிறுத்தக்குறிப் பிழையும் மண்டிக்கிடந்தன. இதை நான் எழுதினேன் என்று ஒருவர் நம்பினாராமே, அது எனக்குப் பெருமையில்லை என்கிற விதமாக ஏதோ சொன்னார். அடுத்த வருஷமே ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சுருக்கி எளிமையாக்க ஒரு சங்கத்துக்குப் பணம் கொட்டிக் கொடுத்தவர் இவர்தான். கேஸி கொஞ்சம் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். மார்ச் 10-ம் தேதி தீர்ப்பு வந்தது. 14 வருஷம். கொலம்பஸ் சிறைக்குப் பெட்டி பெட்டியாகத் துணிமணிகளும் கம்பளங்களும் போயின. அங்கே 1907 அக்டோபர் 10-ம் தேதி, தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று, கேஸி காலமானாள்.

ஓபர்லின் டெபாசிட்காரர்களைக் காப்பாற்ற அன்று எந்தக் காப்பீடும் கிடையாது. வங்கி போனால் உங்கள் பணமும் போகும், வங்கிக்காரர் நல்லவரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளவேண்டியது. அமெரிக்காவில் டெபாசிட்டுக்கு மத்திய அரசின் காப்பீடு 1934 ஜனவரி 1-ல்தான் அமலுக்கு வந்தது. ஆளுக்கு 2,500 டாலர் வரை. அதற்குக் கேஸி போதவில்லை, நாடெங்கும் ஆயிரக்கணக்கான வங்கிகள் விழவேண்டியிருந்தது.

அதற்கு முப்பது வருஷம் முன்னால் ஓபர்லின் பிள்ளைகளுக்குக் கிடைத்த காப்பீடு கார்னகிதான். சட்டப்படி அவர் ஒரு காசு தரவேண்டியதில்லை. இருந்தும் அந்த வங்கியில் பணத்தைப் பறிகொடுத்த மாணவர்களின் நட்டத்தைத் தன் கைக்காசிலிருந்து ஈடுகட்டினார். 'கவலைப்படாதே, கார்னகி கொடுப்பார்' என்று பெக்வித் நம்பியது அந்த அளவில் பலித்தது. 25 சதவீதத்துக்கு ஆசைப்பட்டவர்களை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை.